பேஸ் கிட்டார் நெக் கையில் ஒட்டுகிறதா? கொழும்பில் வாசிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஞாயிறு காலையில் கொட்டாஞ்சேனையில் தேவாலயப் பாடகர் குழுவோடு பேஸ் வாசிக்கிறேன். மற்ற நாட்களில் கலியாண மண்டபங்களில். இருபது வருடமாக இதே வேலை. பேஸ் வைத்திருக்கும் தம்பிமாரும் தங்கச்சிமாரும் என்னிடம் அதிகம் கேட்பது அம்ப் பற்றியோ ஸ்ட்ரிங் பற்றியோ இல்லை, நெக்கின், அதாவது இடது கை பிடிக்கும் நீண்ட கழுத்துப் பகுதியின், பின்பக்கம் பற்றித்தான். ஒருவருக்கு ஒட்டுகிறது, இன்னொருவருக்கு வழுக்குகிறது, மூன்றாமவர் சாண்ட் பேப்பரோடு தயாராக நிற்கிறார். அவர்களுக்குச் சொன்னதை எல்லாம் இங்கே சேர்த்து எழுதுகிறேன். சாண்ட் பேப்பரைக் கையில் எடுத்துவிட்டவர்கள் தயவுசெய்து முதலில் இரண்டாவது கேள்வியைப் படியுங்கள்.

நெக் பூச்சில் என்னென்ன வகை இருக்கிறது?

தொட்டுப் பார்த்தால் மூன்று. கண்ணாடி மாதிரி மினுங்குவது கிளொஸ். மினுக்கம் இல்லாமல், முட்டைக் கோதைத் தடவுவது போல இருப்பது சாட்டின். மரத்தையே தொடுவது போல இருப்பது எண்ணெயோ மெழுகோ தேய்த்தது.

கிளொஸ், சாட்டின் இரண்டுமே இன்று பெரும்பாலும் ஒரே பொருள்தான், பொலியூரித்தேன். சாட்டினில் மினுக்கத்தைக் குறைக்க மிக நுண்ணிய சிலிக்காத் தூள் கலந்திருக்கும், அவ்வளவுதான். பழைய கிட்டார்களிலும் விலை கூடிய சில புதிய கிட்டார்களிலும் நைட்ரோசெலுலோஸ் லேக்கர் இருக்கும். 'நைட்ரோ' என்று சொல்வது இதைத்தான்.

பொலியூரித்தேனைச் சுருக்கமாகப் 'பொலி' என்போம். அது அடித்த பிறகு வேதிமாற்றம் நடந்து இறுகிவிடும். அப்புறம் சாதாரண தின்னர் அதை அசைக்காது. நைட்ரோ அப்படியில்லை. தின்னர் ஆவியாகிப் போக மிஞ்சுவதுதான் பூச்சு. அதனால் எத்தனை வருடம் போனாலும் தின்னர் பட்டால் மறுபடி இளகும், சூட்டிலும் வியர்வையிலும் கொஞ்சம் பிசுபிசுக்கும். ரப்பர் வைத்த ஸ்டாண்டில் நைட்ரோ கிட்டாரை நிறுத்தினால் ரப்பர் தொட்ட இடத்தில் அடையாளம் விழுவதும் இதனால்தான்.

புதிதாக வாங்கிய பேஸ். கடையில் வழவழவென்று இருந்தது. மூன்று மாதத்தில் பெருவிரல் ஒட்டிக்கொள்கிறது. பூச்சு பழுதாகிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. கொழும்பில் நெக் ஒட்டுவதற்கு முதல் காரணம் பூச்சு இல்லை, உப்பு.

சமையலறையில் உப்புப் போத்தலைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். நசநசவென்று ஈரமாகி, கரண்டியில் ஒட்டும். காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானாகக் கரையத் தொடங்கும். கொழும்பில் வருடத்தின் பெரும்பகுதி ஈரப்பதம் அந்த அளவைச் சுற்றியோ அதற்கு மேலேயோதான் நிற்கிறது. உங்கள் உள்ளங்கை வியர்வையில் உள்ள உப்பு நெக்கில் படிகிறது. வாசித்து முடித்துத் துடைக்காமல் பெட்டியில் வைக்கிறீர்கள். அந்த உப்புப் படலம் இரவு முழுக்க ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கிறது. மறுநாள் புது வியர்வையும் தோல் எண்ணெயும் அதன்மேல் ஏறுகின்றன. மூன்று மாதத்தில் உங்கள் கை தொடுவது பூச்சை இல்லை, அந்தப் படலத்தை. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடலுக்குக் கிட்ட இருப்பவர்களுக்குக் கடல் காற்றின் உப்பும் சேர்கிறது. ஸ்ட்ரிங்கின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜில், அவர்களுடைய ஸ்க்ரூக்களில் கறள் ஏறியிருப்பதைப் பாருங்கள்.

ஒரு சின்னச் சோதனை. மெல்லிய பருத்தித் துணி ஒன்றை, பழைய சாரத்தில் கிழித்த துண்டு போதும், தண்ணீரில் நனைத்து இறுகப் பிழியுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. முதலாவது ஃப்ரெட்டிலிருந்து (நெக்கின் முன்பக்கம் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) பன்னிரண்டாவது வரை நெக்கின் பின்பக்கத்தை நீளவாக்கில் துடையுங்கள். துணியைத் திருப்பிப் பாருங்கள். சாம்பல் நிறக் கறை இருந்தால் அதுதான் ஒட்டியது. சவர்க்காரம் இல்லாத ஈரத்துணியால் இன்னொரு தடவை, உலர்ந்த துணியால் உடனே ஒரு தடவை. இதைச் செய்த பிறகும் ஒட்டினால் மட்டும் பூச்சைப் பற்றி யோசியுங்கள். என்னிடம் வந்த பலருக்கு விஷயம் இந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

எண்ணெய் தேய்த்த நெக்குக்கு மட்டும் தண்ணீர் அளவோடு. துணி ஈரமாகத் தெரியவே கூடாது.

கிளொஸ்தான் நல்லது என்று ஒருவர், சாட்டின்தான் என்று இன்னொருவர். யார் சொல்வது சரி?

வழவழப்பான பரப்பில் தோல் முழுதாகப் படியும். இடையில் வியர்வை இருந்தால், நனைந்த இரண்டு கண்ணாடித் துண்டுகள் ஒட்டிக்கொள்வது போல் ஒட்டும். சாட்டினில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருப்பதால் தோல் அங்கங்கேதான் தொடும், அதனால் இழுவை குறைவு. இதுதான் விஷயத்தின் அடிப்படை. ஆனால் கை சொல்வது இதைவிடக் கொஞ்சம் சிக்கலானது.

தெஹிவளையில் ஒரு ஒத்திகை அறையில் நாங்கள் நான்கு பேர் இதற்காகவே ஒரு பின்னேரம் உட்கார்ந்தோம். ஜாஸ் பேஸ் என்ற ஃபெண்டர் மாதிரியில், ஒரே அளவில் இரண்டு பேஸ், ஒன்று கிளொஸ், ஒன்று சாட்டின். இரண்டையும் நன்றாகத் துடைத்து, ஸ்ட்ரிங் உயரமும் ஒன்றாக வைத்துக்கொண்டு மாறி மாறி வாசித்தோம். மின்விசிறி ஓடும் வரை நான்கு பேருக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. மின்விசிறியை நிறுத்தி அரைமணி நேரம் பைலா தாளத்தில் தொடர்ந்து வாசித்த பிறகுதான் தெரிந்தது. ஐந்தாவது ஃப்ரெட்டிலிருந்து பன்னிரண்டாவதுக்குக் கை ஓடும்போது கிளொஸ் நெக்கில் பெருவிரல் ஒரு நொடி பின்தங்கியது. சாட்டினில் அது இல்லை. ஆனால் மெதுவான பாட்டுக்கு வந்தபோது அதே கிளொஸ் எனக்குப் பிடித்திருந்தது. பெருவிரல் வைத்த இடத்தில் நிற்கிறது, நீண்ட சுரத்தைப் பிடிக்கும்போது கை அசையவில்லை. எங்களில் ஒருவருக்குக் கை இயல்பாகவே உலர்ந்தது. அவருக்குக் கடைசிவரை கிளொஸ்தான் பிடித்தது.

ஆக, உங்கள் உள்ளங்கை எவ்வளவு வியர்க்கிறது, ஒரு பாட்டுக்குள் கை எவ்வளவு தூரம் ஓடுகிறது, இந்த இரண்டையும் பார்த்து முடிவு செய்யுங்கள். நான் கலியாணத்துக்குச் சாட்டினும் தேவாலயத்துக்குக் கிளொஸும் எடுத்துப் போகிறேன். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், இந்தப் புழுக்கத்தில், சாட்டின்.

சாட்டின் நெக் சில இடங்களில் மினுங்கத் தொடங்கிவிட்டது. ஏன்?

பெருவிரல் ஓயாமல் உரசி அந்த மேடுகளைத் தேய்த்துவிட்டது. முதல் ஐந்து ஃப்ரெட் பகுதியில்தான் முதலில் வரும். பழுது இல்லை. மீண்டும் சாட்டினாக்க விரும்பினால் கீழே பச்சை ஸ்பொஞ்ச் பற்றிய பதிலைப் பாருங்கள்.

ஏசி மண்டபத்தில் நன்றாக இருந்தது. வெளி மேடைக்குக் கொண்டுவந்ததும் நெக் நனைந்துவிட்டது. வியர்வையா?

இல்லை, காற்றிலிருந்த நீர். குளிர்ந்த சோடாப் போத்தலை மேசையில் வைத்தால் வெளிப்பக்கம் நீர்த்துளி பூப்பது போலத்தான். கொழும்புக் காற்றில் அவ்வளவு ஈரம் இருப்பதால் 24 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்த பொருள் எதிலும் நீர் படியத் தொடங்கிவிடும். ஏசியை 20இல் ஓடவிட்ட மண்டபத்தில் இரண்டு மணி நேரம் நின்ற பேஸ், வெளியே வந்த உடனே நனையத்தான் செய்யும். கிளொஸ் நெக்கில் அது அப்படியே மேலே நிற்கும். வான் ஏசியில் கொண்டுவந்து இறக்கும்போதும் இதே கதை.

பேஸைப் பெட்டியிலிருந்து எடுக்காமல் இருபது, முப்பது நிமிடம் வெளியில் வையுங்கள். பெட்டிக்குள்ளேயே அது மெதுவாகச் சூடேறட்டும். மேடை ஏற்பாட்டுக்காரர் அவசரப்படுத்தினாலும் மற்ற வயர் வேலையை முதலில் முடித்துவிட்டுக் கடைசியாகப் பெட்டியைத் திறவுங்கள். இதைப் பழக்கமாக்கிய பிறகு என் ஸ்ட்ரிங்கும் கூடுதல் நாள் உழைக்கிறது.

பெரிய கம்பெனிகள் எந்தப் பூச்சைப் பாவிக்கின்றன?

ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸை மேப்பிள் நெக்கோடு கொண்டுவந்தது. அன்று நைட்ரோ. அறுபதுகளின் கடைசியில் தடித்த பொலிக்கு மாறியது. இன்றைய ஃபெண்டர் பிளேயர் வரிசையில் நெக்கின் பின்பக்கம் சாட்டின், முன்பக்கம் கிளொஸ். ஃபெண்டரின் விலை குறைந்த பிராண்டான ஸ்குவையரின் கிளாசிக் வைப் வரிசையில் மஞ்சள் சாயல் கலந்த கிளொஸ்.

எண்ணெய்ப் பூச்சு எப்படி இருக்கும் என்று அறிய விரும்புபவர்கள் மியூசிக் மேன் ஸ்டிங்ரே ஒன்றைத் தொட்டுப் பாருங்கள். 1976இல் வந்த பேஸ் அது. 1984இல் எர்னி போல் கம்பெனி மியூசிக் மேனை வாங்கிய பிறகு, துப்பாக்கிக் கட்டைக்குப் பூசும் எண்ணெயும் மெழுகும் தேய்த்த மேப்பிள் நெக்குக்காகவே பெயர் வாங்கியது. ஜெர்மனியின் வார்விக் தேன்மெழுகுக்காரர். ரிக்கன்பேக்கர் நேர் எதிர், விரல் அழுத்தும் முன்பக்கப் பலகையான ஃபிங்கர்போர்டுக்குக் கூடப் பூச்சு அடித்துவிடும்.

என் நெக்கில் இருப்பது பொலியா நைட்ரோவா? எப்படிக் கண்டுபிடிப்பது?

நெக்கைக் கழற்றினால் உடலுக்குள் மறையும் அடிப்பகுதி தெரியும். அங்கே பூச்சு இருந்தால், பஞ்சு நுனியில் அசெட்டோன் ஒரு துளி தொட்டு வையுங்கள். சில நொடியில் இளகி ஒட்டினால் நைட்ரோ. ஒன்றும் ஆகாவிட்டால் பொலி. நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் சிலவற்றில் அசெட்டோன் இல்லை, லேபிளைப் பாருங்கள். வெளியில் தெரியும் இடத்தில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம். குறைந்த விலைப் புதுப் பேஸ் என்றால் சோதிக்கவும் தேவையில்லை, அது பொலி.

அண்ணா, பாத்திரம் கழுவும் பச்சை ஸ்பொஞ்சால் கிளொஸ் நெக்கைத் தேய்த்தால் சாட்டின் ஆகும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. நானே செய்திருக்கிறேன். பொலி நெக்குக்கு இதைவிட மலிவான, ஆபத்துக் குறைந்த வழி இல்லை. ஆனால் ஆறுதலாகச் செய்ய வேண்டும்.

முதலில் மேலே சொன்னபடி கழுவித் துடைத்து உலரவிடுங்கள். அழுக்கோடு தேய்த்தால் அதைப் பூச்சுக்குள் அமத்திவிடுவீர்கள். ஸ்ட்ரிங்கைத் தளர்த்துங்கள். தலைப்பகுதி, ஃபிங்கர்போர்டின் ஓரம், நெக் உடலைச் சேரும் இடம் மூன்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பேஸை மடியில் கவிழ்த்துக் கீழே துவாய் ஒன்றை மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரம் நம்பர் சாண்ட் பேப்பர், அல்லது புதுப் பச்சை ஸ்பொஞ்சின் சொரசொரப் பக்கம், இரண்டில் ஒன்று. தலையிலிருந்து உடல் வரை ஒரே நீளமான இழுப்பு. குறுக்கே ஒருபோதும் வேண்டாம், குறுக்குக் கீறல் வெளிச்சத்தில் காட்டிக்கொடுக்கும். அமத்தாதீர்கள், கையின் பாரம் மட்டும் போதும். இருபது இழுப்புக்கு ஒரு தடவை நிறுத்தி, தூளைத் துடைத்து, மின்குமிழுக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். மினுங்கும் புள்ளிகள் தீவு தீவாகத் தெரியும், அங்கே மட்டும் இன்னும் கொஞ்சம். முழு நெக்கும் மங்கலாக வர எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது. வெள்ளைத் தூள் வருவது பூச்சு. மஞ்சளோ பழுப்போ வந்தால் உடனே நிறுத்துங்கள், சாயத்துக்கோ மரத்துக்கோ போய்விட்டீர்கள்.

இரும்புப் பஞ்சு பாவிப்பவர்கள் மிக நுண்ணிய 0000 ரகத்தைவிடக் கரடானதை எடுக்காதீர்கள். பிக்அப்பை (ஸ்ட்ரிங்குக்குக் கீழே ஒலியை எடுக்கும் காந்தப் பகுதி) முழுவதுமாக டேப்பால் மூடுங்கள். அந்த இரும்புத் துகள் பிக்அப் காந்தத்தில் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு. எனக்கு ஸ்பொஞ்சே போதும்.

மனம் மாறினால் மறுபடி கிளொஸ் ஆக்கலாமா?

ஆம். 1500, பிறகு 2000 நம்பர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, வாகனப் பெயின்டுக்குப் பாவிக்கும் ரப்பிங் கொம்பவுண்டால் மெருகேற்றுங்கள். வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் சின்ன டின்னாகவே வாங்கலாம். சிலிக்கன் சேர்ந்த தளபாட ஸ்ப்ரேயை மட்டும் நெக்கில் அடிக்காதீர்கள். பிறகு எப்போதாவது புதிதாக லேக்கர் அடிக்க நேர்ந்தால் குழி குழியாக விலகி நிற்கும்.

பூச்சை முழுக்கச் சுரண்டிவிட்டு எண்ணெய் தேய்க்கலாமா? தேங்காயெண்ணெய் சரிவருமா?

தேங்காயெண்ணெய் வேண்டாம். அது எப்போதும் இறுகாது. ஆளி விதை எண்ணெயும் டங் எண்ணெயும் காற்றில் உள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மெல்லிய தோலாக இறுகுபவை, அதனால்தான் மரத்துக்கு அவற்றைப் பூசுகிறார்கள். தேங்காயெண்ணெய் மரத்துக்குள் எண்ணெயாகவே இருந்து தூசியைப் பிடித்து நாளடைவில் சிக்கு மணம் வீசும். நல்லெண்ணெயும் இதற்கு ஆகாது.

முழுக்கச் சுரண்டுவது பற்றி என் அபிப்பிராயம்: உங்கள் முதல் பேஸில் செய்யாதீர்கள். எண்ணெய் பூசிய மேப்பிள் கையில் இருக்கும் சுகம் எனக்குத் தெரியும், அதை மறுக்கவில்லை. ஆனால் பூச்சு என்பது ஈரத்துக்குப் போட்ட மறிப்பு. எண்ணெய் அந்த மறிப்பைப் பாதியாகக்கூடத் தராது. மேப்பிள் ஈரம் குடித்தால் நெக் வளையும், வியர்வை இறங்கிச் சாம்பல் கறை விழும். விற்கும்போது விலையும் விழும். வருடத்துக்கு ஒரு தடவையாவது மறுபடி எண்ணெய் பூச வேண்டும், அந்தப் பராமரிப்பு எல்லோருக்கும் ஒத்துவராது. பழைய நெக் ஒன்று கையில் இருந்தால் அதில் செய்து பழகுங்கள். மெல்லிதாகப் பூசி, பத்து நிமிடத்தில் மிச்சத்தை முழுக்கத் துடைத்து, ஒரு நாள் அல்ல, நம் ஈரத்துக்கு இரண்டு மூன்று நாள் காயவிட்டு அடுத்த தடவை பூசுங்கள்.

இதில் மிக முக்கியமானது துணி. ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். பயமுறுத்தச் சொல்லவில்லை, நடக்கும் விஷயம். வெளியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்து அப்புறப்படுத்துங்கள்.

தளபாடப் பட்டறையில் கொடுத்து லேக்கர் அடிக்கலாமா?

அடிக்கலாம், நாள் பார்த்து. ஒரு ஒக்டோபரில் நானே ஒரு நெக்கைப் பட்டறை ஒன்றில் கொடுத்தேன். அங்கிருந்த தொழிலாளி கைதேர்ந்தவர், அலுமாரிக் கதவெல்லாம் கண்ணாடி மாதிரி வரும். அன்று மழை. திரும்பி வந்த நெக்கின் மேல் பால் கொட்டியது போல் வெள்ளைப் படலம், தலைப்பகுதியில் ஃபெண்டர் எழுத்துக்கூட மங்கலாகத் தெரிந்தது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. ஈரக் காற்றிலுள்ள நீர் அந்தக் காயாத பூச்சுக்குள் படிந்து வெளுத்துவிடுகிறது. ஏசி மண்டபக் கதையின் இன்னொரு பக்கம்தான். பெப்ரவரியில், காற்று கொஞ்சம் உலர்ந்த நாளில், மெதுவாக ஆவியாகும் தின்னர் கலந்து மேலே ஒரு தடவை அடித்ததும் தெளிந்தது. நான்கு மாதம் அந்தப் பேஸ் இல்லாமல் இருந்தேன்.

ஃபிங்கர்போர்டையும் ஃப்ரெட்டையும் நீங்களே டேப் ஒட்டி மூடிக் கொடுங்கள். அந்த வேலையைப் பட்டறையில் விடாதீர்கள்.

பவுடர் போட்டு வாசிக்கலாமா?

ஒரு பாட்டுக்கு உதவும். மூன்றாவது பாட்டில் வியர்வையோடு சேர்ந்து பசையாகிவிடும். இடைவேளையில் உலர்ந்த துணியால் கையையும் நெக்கையும் துடைப்பது அதைவிடப் பயன்.

ஃபிங்கர்போர்டில் பூச்சு இருப்பதும் இல்லாததும் கைக்குத் தெரியுமா?

ஃப்ரெட் உள்ள பேஸில் கொஞ்சம்தான். விரல் பெரும்பாலும் ஸ்ட்ரிங்கையும் ஃப்ரெட்டையும்தான் உணர்கிறது. மேப்பிள் வெளிறிய மரம், அழுக்கு உடனே தெரியும், அதனால் பூச்சு அடித்தே வரும். ரோஸ்வுட், பாவ் ஃபெரோ, எபனி போன்ற கருமை கூடிய மரங்கள் பெரும்பாலும் பூச்சில்லாமல் வரும், ஸ்ட்ரிங் மாற்றும்போது துடைத்துவிட்டால் போதும்.

ஃப்ரெட் இல்லாத பேஸ் என்றால் கதை வேறு. அங்கே ஸ்ட்ரிங் நேரே மரத்தில் உரசுகிறது, வட்டக் கம்பி சுற்றிய ரவுண்ட்வவுண்ட் ஸ்ட்ரிங் ரோஸ்வுட்டை அறுத்துக் கோடு போட்டுவிடும். புகழ்பெற்ற பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் ஜாஸ் பேஸின் ஃப்ரெட்டை எடுத்துவிட்டு, படகுக்குப் பூசும் எப்பொக்சியை ஃபிங்கர்போர்டில் பூசியது இதற்காகத்தான். அவருடைய பேஸின் பாடும் ஒலியில் அந்தக் கடினமான பரப்புக்கும் பங்கு உண்டு.

நெக் பூச்சை மாற்றினால் ஒலி மாறுமா?

பின்பக்கப் பூச்சால் மாறுவதை மேடையில் யாரும் கேட்க மாட்டார்கள். ஸ்ட்ரிங் மாற்றுங்கள், வித்தியாசம் அங்கே தெரியும்.

எல்லாம் செய்துவிட்டேன், இன்னும் கை களைக்கிறது.

அப்போது அது பூச்சு இல்லை, நெக்கின் அளவு. ஜாஸ் பேஸில் நட் (நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் துண்டு) அகலம் 38 மில்லிமீற்றர். பழைய பிரிசிஷனில் 44க்கு மேல், இன்றைய பல பிரிசிஷன்களில் 41 அளவு. ஆறு மில்லிமீற்றர் என்பது கைக்குப் பெரிய விஷயம். கடையில் 'இந்த நெக் வேகமாக ஓடுது' என்று பலர் சொல்வது சாட்டினால் இல்லை, ஒல்லியால். சின்னக் கை உள்ளவர்கள் பூச்சுக்குச் செலவழிக்க முன் இரண்டு அளவையும் பத்து பத்து நிமிடம் வாசித்துப் பாருங்கள்.

கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்த பேஸ். வந்த கிழமையே நெக் வளைந்துவிட்டது. பழுதா?

குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட வீட்டின் உலர்ந்த காற்றிலிருந்து நம் ஈரத்துக்கு வந்திருக்கிறது, மரம் ஊதுகிறது. இரண்டு மூன்று கிழமை விடுங்கள். ஒரு நிலைக்கு வந்த பிறகு நெக்குக்குள் ஓடி வளைவைச் சரிசெய்யும் உலோகக் கம்பியான ட்ரஸ் ரொட்டைக் கால் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள். அங்கே விரலைக் கீறிய ஃப்ரெட் நுனிகள் இங்கே வந்து தாமாக அடங்கியிருப்பதையும் கவனிப்பீர்கள்.

வெளி மேடையில் நுளம்புக்கு லோஷன் பூசிக்கொண்டு வாசிக்கலாமா?

லேபிளில் டீட் (DEET, நுளம்பு விரட்டும் இரசாயனம்) என்று இருந்தால் வேண்டாம். அது பிளாஸ்டிக்கையும் வார்னிஷையும் இளக்கும், நைட்ரோ நெக்கில் கை ரேகை அப்படியே பதிந்துவிடும். கணுக்காலில் பூசுங்கள், பூசிய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகு பேஸைத் தொடுங்கள். இடது முன்கை நெக்கில் படாது, ஆனால் வலது முன்கை உடலின் மேல் ஓரத்தில் முழு நேரமும் கிடக்கும். அங்கே முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வதுதான் நல்லது.